காலை உரசும் பூனை, நெல் மூட்டையை நனைப்பது ஏன்?

''எங்கள் வீட்டுக் கடுவன் பூனை தினமும் காலைச் சுற்றிவந்து உரசுகிறது. ஆனால், இரண்டு மாதமாக நெல் மூட்டைகளின் மீது சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கிறது. விதைநெல் மூட்டையிலும் நாற்றம். 'சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிடு' என்கிறார் மாமியார். இந்தப் பூனை வந்த பிறகுதான் எலித்தொல்லை நின்றது. என்ன செய்யலாம்?''

திருவாரூர் மாவட்ட வாசகி ஒருவரின் கேள்வி இது. பூனையை விரட்ட வேண்டியதில்லை. அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், தீர்வு எளிது.

உரசல் சொல்லும் சேதி

பூனையின் கன்னம், மோவாய், நெற்றியின் இரு பக்கம், வாலின் அடிப்பகுதி, பாதங்கள் ஆகியவற்றில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. உங்கள் காலில் கன்னத்தைத் தேய்க்கும்போது, தன் வாசனையை உங்கள் மேல் பூசுகிறது. அந்த வாசனை நம் மூக்குக்கு எட்டாது. பூனைக்கோ, 'இவர் நம்மவர்' என்ற அடையாளம். கட்டில் கால், கதவு நிலை, மாட்டின் கால் என எல்லாவற்றிலும் உரசுவது இதற்காகத்தான். வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வருவதும், மடியில் மாவு பிசைவதுபோல மிதிப்பதும், கண்களை மெதுவாக மூடித் திறப்பதும் நட்பின் அறிகுறிகள்.

மூட்டையில் அடிப்பது எதற்கு?

இதுவும் வாசனை அடையாளம்தான். ஆனால், இது வேறு பூனைகளுக்கான சேதி. பருவத்துக்கு வந்த கடுவன், 'இது என் எல்லை' என்று போட்டிப் பூனைகளுக்கும், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெட்டைப் பூனைகளுக்கும் தெரிவிக்கிறது. அக்கம்பக்கத்தில் புதிய கடுவன் வந்தால் இது கூடும். ஆண்மை ஹார்மோன்தான் அந்தக் கடுமையான நாற்றத்துக்கும் காரணம்.

தீர்வு என்ன?

கருத்தடை அறுவை சிகிச்சை செய்யுங்கள். பத்தில் ஒன்பது கடுவன்களிடம் இந்தப் பழக்கம் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். சில வாரங்கள் பொறுக்க வேண்டும். ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும். எலி பிடிக்கும் குணம் போய்விடாது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே விசாரியுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

நனைந்த இடத்தை என்சைம் கலந்த சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். வாசனை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத் திரும்பவரும். ஃபினாயில் வேண்டாம். பாதத்தில் பட்டதைப் பூனை நக்கினால் விஷமாகும். விதைநெல்லில் நனைந்த பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதியை வெயிலில் உலர்த்திப் புதுச் சாக்கில் கட்டுங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். அறை வாசலில் கயிறு சுற்றிய கட்டை ஒன்றை நட்டுவைத்தால், நகத்தால் பிறாண்டியும் எல்லையைக் குறித்துக்கொள்ளும்.

அடிக்காதீர்கள். அதன் மூக்கைச் சிறுநீரில் தேய்க்காதீர்கள். பயந்த பூனை இன்னும் அதிகமாக அடிக்கும். எலிவிஷமும் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகலாம்.

இதைக் கவனியுங்கள்

அடையாளமிடும் பூனை நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, பின்பக்கமாகக் கொஞ்சமாகப் பீய்ச்சும். உட்கார்ந்து முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை, சொட்டுச்சொட்டாக வருகிறது, ரத்தம் கலந்திருக்கிறது, கத்துகிறது என்றால் அது நோய். கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் பூனை நின்றபடி அடிக்கிறதா, உட்கார்ந்து முக்குகிறதா என்பதை இன்றே பாருங்கள். நின்றபடிதான் என்றால், சாக்கை எடுத்துவைத்துவிட்டுச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள், மாமியாரிடம்!