மணமின்றி இணைந்து வாழ்வோரும் ஒப்பந்தச் சட்டமும்: தமிழ்நாட்டு வழக்குகள் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட ஆட்கொணர்வு மனுவொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்ட இளம்பெண்ணை மீட்கக் கோரிய மற்றொரு பெண், மனுவில் தம்மை ‘நெருங்கிய தோழி’ என்றே குறித்திருந்தார். திருமணம் மட்டுமே குடும்பத்திற்கு அடிப்படை அன்று எனக் கூறிய நீதிமன்றம், அப்பெண்ணின் விருப்பத்தை ஏற்று விடுவித்தது. எனினும், தோழி என்பதற்கு அப்பாற்பட்ட உறவுநிலையைச் சட்டம் இன்னும் வழங்கவில்லை. இணையர் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் இக்குறையை எவ்வளவு நிரப்பும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒப்பந்தத்தின் எல்லை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 10இன்படி உடன்பாட்டின் நோக்கமும் மறுபயனும் சட்டத்திற்கு உட்பட்டவையாக இருத்தல் வேண்டும். ஒழுக்கக்கேடானதும் பொதுக்கொள்கைக்கு மாறானதும் பிரிவு 23இன்படி செல்லாது. எனவே வாடகை, சேமிப்பு, கூட்டாக வாங்கிய பொருள் ஆகியவற்றின் பங்கீட்டை எழுதிக்கொள்ளலாம். உடனுறைவையே மறுபயனாகக் கொண்ட உடன்பாடு நிலைப்பது அரிது. மேலும், ஒப்பந்தம் கையெழுத்திட்ட இருவரையே கட்டுப்படுத்தும். மருத்துவமனை, காவல்துறை, உறவினர் ஆகியோரை அது கட்டுப்படுத்தாது. இறப்புக்குப் பின் சொத்துச் சேர உயில் தனியே வேண்டும்.

சட்டப் பாதுகாப்பும் விடுபட்டோரும்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ‘திருமணத்தை ஒத்த உறவை’ ஏற்கிறது. கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் அதற்கு நான்கு அடையாளங்களை வகுத்தது: சமூகத்தின்முன் இணையராக விளங்குதல், உரிய வயது, மணம் புரியத் தகுதி, குறிப்பிடத்தக்க காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்தல். மூன்றாம் அடையாளம் ஒருபாலிணையரை விலக்கிவிடுகிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்களது திருமணத்தை ஏற்க மறுத்ததால் அவ்விலக்கு நீடிக்கிறது.

இச்சூழலில் 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தம்முன் வைக்கப்பட்ட ‘குடும்பப் பிணைப்புப் பத்திரம்’ என்னும் கருத்தைப் பரிசீலிக்குமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொண்டார். இணைந்து வாழும் உரிமையும் பாதுகாப்பும் பதிவின்வழிக் கிடைக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

முடிவுரை

சுயமரியாதைத் திருமணங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் செல்லாதவை என்றது. இருவரின் உறுதிமொழியும் ஊரறிந்த வாழ்வும் அன்று போதவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்தவற்றுக்கும் செல்லுபடி அளித்தது. இருவர் எழுதும் ஒப்பந்தம் அவர்களுக்கிடையே கடமையை உண்டாக்கும். பிறரும் மதிக்கவேண்டிய உறவுநிலையைச் சட்டமே உண்டாக்கும். குடும்பப் பிணைப்புப் பத்திரமும் சட்ட வலுப் பெற்றாலன்றி, இருவருக்கிடைப்பட்ட காகிதமாகவே எஞ்சும்.