நெக் செய்யக் கொடுக்குமுன்

தம்பி, முதலில் அந்தப் பேஸ் கிட்டாரின் நெக்கை உடலிலிருந்து கழற்றுங்கள். நான்கு திருகுதானே. கழற்றியாயிற்றா? இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து ஓரத்தோடு ஓரமாகப் பாருங்கள். நீளவாக்கில் வில் மாதிரி வளைந்திருந்தால் பயமில்லை. உள்ளே ஓடுகிற ராடைத் திருகி நிமிர்த்திவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால்தான் வினை. உங்களுடையது முறுக்கித்தான் இருக்கிறது. ஆடித் திருவிழா, கொடை, கல்யாணம் என்று மெல்லிசைக் குழுவோடு வேனில் வெயிலும் மழையுமாய் அலைந்த பேஸ் கிட்டார். மரம் எத்தனை நாள்தான் தாங்கும்? புது நெக்தான் செய்ய வேண்டும்.

நான்கு கம்பியையும் சுருதி கூட்டி நிறுத்தினால் அந்த நெக்கை எழுபது, எண்பது கிலோ இழுக்கிறது. ராத்திரி பகலாக ஓர் ஆள் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அதற்காகத்தான் உள்ளே இரும்பு வைக்கிறார்கள். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மக்ஹியூ 1920-களில் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. அதன் பெயர் டிரஸ் ராட்.

ராஜபாளையத்தில் புது நெக் செய்ய ஆள் கிடைக்குமா என்றுதானே கேட்கிறீர்கள்? மர வேலைக்குக் கிடைக்கும். கதவு, ஜன்னல், நிலை என்று இழைப்புளி பிடித்த கைக்கு இங்கே பஞ்சமில்லை. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் வந்த காலத்திலிருந்தே இது மில் ஊர். ஆகவே லேத் பட்டறைக்கும் குறைவில்லை. ஆனால் ராடை நீங்களே கடைந்து பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் திருகுகிற மாதிரி ராட் ரெடிமேடாக விற்கிறது. அதையும் ஃபிரெட் கம்பியையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஆசாரி அண்ணாச்சியிடம் மரத்தை மட்டும் விடுங்கள்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? அண்ணாச்சி நூல் கணக்கில் பேசுவார். அங்குலத்துக்கு எட்டு நூல். நெக் அகலத்துக்கு அது போதும். சொல்லப்போனால் ரொம்ப வசதி. ஃபெண்டர் ஜாஸ் பேஸுக்கு நட் இருக்கிற இடத்தில் ஒன்றரை அங்குலம், அதாவது ஓர் அங்குலம் நாலு நூல். 1951-இல் வந்த பிரிசிஷன் பேஸ் வகையில் பழையதற்கு ஓர் அங்குலம் ஆறு நூல், இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் அஞ்சு நூல். உங்கள் விரலுக்கு எது தோதோ அதைச் சொல்லுங்கள். ஃபிரெட்டுக்கு மட்டும் இந்த நூல் கணக்கு உதவாது.

நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பேஸில் அதுதான் வழக்கம். முதல் ஃபிரெட் எங்கே? 34-ஐ 17.817-ஆல் வகுத்தால் 1.908 அங்குலம். மிச்சமிருக்கிற நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரியாக 17 அங்குலத்தில், பாதிக் கம்பியில் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் 18-ஆல் வகுத்தார்கள். கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேயி லூட் வாசிப்பவர். அவர் சொன்ன கணக்கு அது. மனக்கணக்காகப் போட்டுவிடலாம், காதுக்கும் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பேஸில் அப்படிப் போட்டால் பன்னிரண்டாவது ஃபிரெட் 17-க்கு ஒரு நூல் முன்னாடியே நின்றுவிடும். ஒரு நூல்தானே என்பார் அண்ணாச்சி. அந்த இடத்தில் ஒரு நூல் என்பது அரைச் சுரத்தில் எட்டில் ஒரு பங்கு. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

வீணையில் இந்தத் தொல்லை இல்லை. 24 மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. மேளம் கட்டுகிறவர் ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நகர்த்தி அமுக்குகிறார். வருஷங்கள் போய்ச் சுரம் விலகினால் மெழுகை இளக்கி மறுபடி கட்டலாம். பேஸ் நெக்கில் வாள் ஒருமுறை ஓடிவிட்டால் முடிந்தது. ஆகையால் அளவுப் பட்டியலை மில்லிமீட்டரில் போடுங்கள். ஒவ்வோர் அளவும் நட்டிலிருந்தே தொடங்கட்டும். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், பிசகு கூடிக்கூடிக் கடைசியில் தலைவலியாகும். முழு அளவுக்கு ஒரு தாளில் வரைந்து, விரல் பலகை மேல் ஒட்டி, அந்தக் கோட்டிலேயே அறுக்கச் சொல்லுங்கள். தாளை அச்சடித்த பிறகு ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். பிரிண்டர் சத்தமில்லாமல் அளவைச் சுருக்கிவிடும்.

மரம்? வெளிநாட்டில் மேப்பிள். தஞ்சாவூர் வீணைக்குப் பலா. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வாத்தியம் அது. உங்களுக்கு நான் சொல்வது பழைய தேக்கு. இடித்த வீட்டு நிலையோ உத்திரமோ பழைய மரக்கடையில் கிடைக்கும். ஐம்பது கோடையைப் பார்த்துவிட்ட மரம் இனிமேல் சுருங்க அதிகமில்லை. ரேகை நேராக, நீளவாக்கில் ஓட வேண்டும், முடிச்சு கூடாது, ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் இழைப்புளி போய்விடும். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுகிற முகத்தைத் தின்னரால் துடைத்த கையோடு பசை போடச் சொல்லுங்கள். விரல் பலகைக்கு ஈட்டி மரம் அருமைதான். ஆனால் 1994-இல் அதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். ரசீது உள்ள கடையில் சின்னத் துண்டாக வாங்குங்கள், மலையடிவாரத்தில் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

உடலையும் பழைய நெக்கையும் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள். நெக் உட்காருகிற பள்ளத்தின் அகலமும் ஆழமும் அளந்து எழுதினால் போதாது. அண்ணாச்சி நெக்கை அதில் வைத்து வைத்து எடுத்து இழைக்க வேண்டும். தாள் ஒன்றைச் சொருக முடியாத அளவு இறுக்கம் வேண்டும். இன்னொன்று, அவசரப்படுத்தாதீர்கள். முரட்டு உருவம் அறுத்தபின் சில வாரம் சும்மா கிடக்கட்டும். கோண வேண்டுமென்றால் இப்போதே கோணிவிடும், அப்புறம் கடைசி இழைப்பு. அட்வான்ஸ் கொடுக்கும்போதே, நடுவில் வெடிப்பு விட்டால் மரக்காசு யாருடையது என்றும் பேசிவிடுங்கள். பின்னால் பேசினால் மனஸ்தாபம்தான்.

கம்பி மாட்டியதும் ஒரு சோதனை. தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அமுக்கிக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். மெல்ல உரசிக்கொண்டு போனால் சரி. இடமே இல்லையென்றால் ராடைக் கால் சுற்று இளக்குங்கள். கார்டு தாராளமாக ஆடினால் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கு மேல் அன்றைக்குத் தொட வேண்டாம். மரம் நகர ஒரு நாள் விட்டு, மறுநாள் சுருதி கூட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.