பற்களுக்கு வெனீர்: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

வெனீர் என்பது என்ன?
முன்பற்களின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடே வெனீர் ஆகும். இது கறை, சிறு உடைவு, இடைவெளி ஆகியவற்றை மறைக்கும்.

கறைக்குக் காரணம் என்ன?
வெற்றிலை, புகையிலைக் கறைகளைப் பல் மருத்துவர் சுத்தம் செய்து நீக்கலாம். ஜவ்வாது மலைக்கு மேற்கே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காணப்படும் பழுப்புக் கறை வேறு வகையானது. பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பருகுவதால் அது ஏற்படுகிறது, துலக்கினால் நீங்காது. இதைத் தடுக்கவே 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் அங்கு வழங்கப்படுகிறது.

வேறு சிகிச்சைகள் உண்டா?
இலேசான கறைக்கு எனாமலின் மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்தெடுத்தல், வெளுப்பாக்குதல், பல் நிறப் பிசின் பூசுதல் ஆகியவற்றில் ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை
• வெனீருக்காகப் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு எனாமல் சீவப்படும். அது மீண்டும் வளராது.
• சொத்தை, ஈறு நோய் இருப்பின் முதலில் அவற்றுக்குச் சிகிச்சை பெற வேண்டும்.
• வெனீர் உடைந்தாலோ கழன்றாலோ மீண்டும் செலவாகும்.
• பெரும்பாலும் இரண்டு முறையாவது மருத்துவரிடம் செல்ல நேரிடும். நெல்லிவாசல்நாடு போன்ற மலையூர்களில் வசிப்போர் பயணத்தையும் கருத்திற்கொண்டு முடிவெடுக்கவும்.
• பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ளவும்.