உங்களுக்குத் தெரியுமா? நெறிக்கட்டியும் மெல்லிய ஊசியும்

● கழுத்திலோ அக்குளிலோ கட்டிய நெறி வாரக்கணக்கில் கரையாவிட்டால், டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையைத்தான். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில செல்களை உறிஞ்சி, கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை, தையல் கிடையாது.

● 1904-லேயே கிரெய்க், கிரே என்ற இரு ராணுவ மருத்துவர்கள் ஆப்பிரிக்காவில் தூக்க நோய்க் கிருமியைத் தேடி நெறிக்கட்டிகளில் ஊசி செலுத்தினார்கள்.

● லிம்போமா என்பது நிணநீர் மண்டலப் புற்றுநோய். அதில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமாவின் அடையாளம் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல். பெரிய செல்லுக்குள் இரண்டு உட்கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய புள்ளி. மைக்ரோஸ்கோப்பில் ஆந்தையின் கண்கள் நம்மையே உற்றுப் பார்ப்பதுபோல் இருக்கும்!

● ஊசியில் வருவது தனித்தனி செல்கள்தான். செங்கல்லை மட்டும் பார்த்து வீட்டின் அமைப்பைச் சொல்ல முடியுமா? லிம்போமாவில் பல வகைகள் உண்டு. வகைக்கேற்ப சிகிச்சையும் மாறும். அதனால்தான் சந்தேகம் வந்தால், முடிந்தவரை கட்டியை முழுதாக எடுத்து பயாப்ஸி செய்கிறார்கள். செல்லின் மேலுள்ள புரதங்களைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையும் கைகொடுக்கும்.

● நெறி கட்டினாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். சாதாரணத் தொற்றாலும் காசநோயாலும்கூடக் கட்டும். ஆனால் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்த பிறகும் கட்டி கரையவில்லையா, வளர்கிறதா? காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருக்கிறதா? தயவுசெய்து மறுபடியும் டாக்டரைப் பாருங்கள்.