மலையில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற இளைஞர்கள்: கிண்டர் ஸ்கவுட்டின் கதை

மான்செஸ்டர், ஷெஃபீல்டு. மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் மலேசிய மாணவர்களுக்குப் பழக்கமான பெயர்கள் இவை. இந்த இரு தொழில் நகரங்களுக்கும் நடுவில் அமைந்திருக்கிறது கிண்டர் ஸ்கவுட் மலை. அதன் உயரம் 636 மீட்டர் மட்டுமே. நம் பினாங்குக் கொடிமலையே 833 மீட்டர் உயரம். ஆனாலும், இங்கிலாந்தில் சாமானிய மக்கள் மலையில் நடக்கும் உரிமையைப் பெற்ற வரலாற்றில் இந்தச் சிறிய மலைக்குப் பெரிய இடம் உண்டு.

அங்கே படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் போதும், இந்த மலையைப் பார்த்து வரலாம். போகும் முன் அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூர் என்றால் என்ன?

நம் நாட்டில் மலை என்றதும் அடர்ந்த காடுதான் நினைவுக்கு வரும். கிண்டர் ஸ்கவுட் அப்படியல்ல. உச்சியில் மரங்களே அரிது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்லும், ஹீதர் எனப்படும் குத்துச்செடியும் பரந்து கிடக்கும். இத்தகைய திறந்த மேட்டுநிலத்தை ஆங்கிலேயர்கள் 'மூர்' என்கிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஹீதர் பூக்கும்போது மலைச்சரிவுகள் ஊதா நிறம் பூண்டுவிடும்.

காலுக்குக் கீழே இருப்பது பீட் எனப்படும் கரிய மண். மட்கியும் மட்காத செடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறிப் படிந்து உருவான மண் இது. சிலாங்கூர், ஜொகூர், சரவாக் மாநிலங்களில் இருப்பதும் பீட் நிலம்தான். அது காய்ந்து தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் புகைமூட்டக் காலங்களில் நாம் அனுபவித்திருக்கிறோம். அங்கும் அதே ஆபத்து உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம், அருகிலுள்ள சாடல்வொர்த் மூர் பற்றி எரிந்தபோது தீயணைப்புப் படைக்கு உதவ இராணுவமே வர வேண்டியிருந்தது.

வேலி போட்ட மலை

ஒரு காலத்தில் இந்த மேட்டுநிலங்களில் பெரும்பகுதி ஊர்ப் பொதுவாக இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் அவை வேலியிடப்பட்டு, பெரும் நிலக்கிழார்களின் சொத்தாகின. அவர்கள் அங்கே கிரவுஸ் என்னும் காட்டுப் பறவையை வளர்த்து, ஆண்டுக்குச் சில நாட்கள் துப்பாக்கியால் வேட்டையாடினார்கள். மற்ற நாட்களில் வேட்டைக்காவலர்கள் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே வேளையில் மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஆலைப் புகைக்கு நடுவே வாழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவர்களுக்கு மூச்சுவிடக் கிடைத்த நேரம். 1930களில் வேலையின்மையும் சேர்ந்துகொண்டது. காசில்லாதவர்களுக்கு நடையைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. ஆனால், மலையோ பூட்டிக் கிடந்தது.

துரையின் பங்களா இருக்கும் மேட்டுப் பக்கம் காரணமில்லாமல் போகக்கூடாது என்று தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த நிலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1932 ஏப்ரல் 24

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்ட் என்ற சிற்றூரின் அருகே, பவ்டன் பிரிட்ஜ் கல்குவாரியில் சுமார் 400 பேர் திரண்டார்கள். பெரும்பாலோர் இளம் தொழிலாளர்கள். அவர்களிடையே பேசியவர் பென்னி ராத்மன். அப்போது அவருக்கு வயது 20. அனைவரும் வில்லியம் கிளஃப் என்ற பள்ளத்தாக்கு வழியாகக் கிண்டர் மலைக்கு ஏறினார்கள்.

வழியில் வேட்டைக்காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. காவலர் ஒருவர் காயமடைந்தார். ஷெஃபீல்டு பக்கமிருந்து ஏறி வந்த குழுவினரை மேலே சந்தித்துவிட்டு, வந்த வழியே இறங்கினார்கள். ஹேஃபீல்டில் போலீஸ் காத்திருந்தது.

பிறர் நிலத்தில் நுழைவது அன்றைய சட்டப்படி ஒரு குற்றமே அல்ல. நில உரிமையாளர் தொடுக்கும் சிவில் வழக்காக மட்டுமே அது அமையும். ஆகவே, கலகம் செய்யக் கூடியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. டெர்பி நீதிமன்றம் ஐந்து இளைஞர்களுக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதித்தது. ராத்மனுக்கு 4 மாதம்.

அந்தத் தண்டனைதான் பொதுமக்களின் மனத்தை மாற்றியது. அதற்கு முன்பு இந்த அத்துமீறலை ஆதரிக்காத நடைப்பயணச் சங்கத்தினர்கூட, நடந்தது அநியாயம் என்று பேசத் தொடங்கினார்கள்.

வெற்றி உடனே வரவில்லை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிண்டர் அதன் ஒரு பகுதி. திறந்த மலைகளிலும் மூர்களிலும் எவரும் நடக்கலாம் என்ற உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

2002இல், அந்தச் சம்பவத்தின் 70ஆம் ஆண்டு நினைவுக் கூட்டத்திற்கு அன்றைய டெவன்ஷர் பிரபு நேரில் வந்தார். 1932இல் கிண்டரின் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரராக இருந்தவர் அவருடைய தாத்தா. தம் குடும்பம் செய்தது தவறு என்று அவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைக் கேட்க இல்லை. அவர் அவ்வாண்டு ஜனவரியில் காலமாகியிருந்தார்.

எப்படிப் போவது, எதைப் பார்ப்பது?

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம், ஷெஃபீல்டிலிருந்து அரை மணி நேரம். ஈடேல் என்ற சிறிய நிலையத்தில் இறங்க வேண்டும். நம் நாட்டில் பல மலைகளில் ஏற வனத்துறை அனுமதி பெற வேண்டும். இங்கே அனுமதிச் சீட்டோ நுழைவுக் கட்டணமோ கிடையாது.

ஸ்காட்லாந்து எல்லை தாண்டிச் செல்லும், 431 கிலோமீட்டர் நீளமான 'பென்னைன் வே' நடைபாதை ஈடேலில்தான் தொடங்குகிறது. அதே பாதையில் சென்றால் 'ஜேக்கப் ஏணி' என்ற கற்படிகள் வரும். பொதிக்குதிரைகள் சென்ற பழைய வணிகப் பாதை இது. மேலே சற்று விலகிச் சென்றால், இடைக்காலத்தைச் சேர்ந்த ஈடேல் கற்சிலுவையைக் காணலாம்.

பீடபூமியின் விளிம்பிலேயே நடந்தால் கிண்டர் நீர்வீழ்ச்சி. பலத்த மேற்குக் காற்று வீசும் நாளில் விழும் நீர் மேல்நோக்கித் திரும்பிப் பறக்கும். வானம் தெளிந்திருந்தால் மான்செஸ்டரின் கட்டடங்கள் தெரியும். ஈடேல் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் இருப்பது மாம் டோர் மலை. அதன் உச்சியில் பண்டைய கோட்டையின் மண் அரண் இன்றும் உள்ளது.

உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

636 மீட்டர்தானே என்று ஜீன்சும் சப்பாத்துமாக ஏறிவிடக் கூடாது. நிமிடங்களில் பனிமூட்டம் சூழ்ந்துவிடும். மேலே எல்லாத் திசையும் ஒன்றுபோல் தெரியும். 1948 நவம்பரில், பக்கத்து மலையான பிளீக்லோவில் மேகமூட்டத்தில் மோதிய அமெரிக்க விமானத்தில் இருந்த 13 பேரும் இறந்தனர். அதன் உடைந்த பாகங்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன.

நீர் புகாத மேலாடை, கணுக்காலைத் தாங்கும் காலணி, கம்பளி உடை, உணவு, தலைவிளக்கு ஆகியவை அவசியம். கைப்பேசியில் அலைவரிசை கிடைக்கும் என்று நம்பக் கூடாது. காகித வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, முதலில் போலீசையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். மீட்புக் குழுவினர் அனைவரும் தொண்டூழியர்கள். கோடையில் நெருப்பு மூட்டுவது கூடவே கூடாது.

மூரின் குறுக்கே போகும்போது காலடியில் அகலமான கற்பலகைகள் தென்படும். கால் பட்டுப் பீட் மண் அரிக்காமல் இருக்கப் பதிக்கப்பட்டவை. பென்னைன் வே பாதையில் இப்படிப் பதிக்கப்பட்ட கற்களில் பல, இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஆலைத் தொழிலாளர்கள் வாரத்தில் ஆறு நாள் நின்று வேலை செய்த கற்கள் அவை. இன்று அவற்றின் மேல் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.