வைக்கோல் கட்டும் இயந்திரமும் நெசவாளரின் முடிச்சும்

நெல் களத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் உழவர் மனம் ஆறுதல் அடைகிறது. ஆனால் தொழுவத்து மாட்டுக்கு அந்த ஆறுதல் கிடையாது. அதன் தீவனம் இன்னமும் வயலிலேதான் கிடக்கிறது.

கை அறுவடைக் காலத்தில் நீண்ட தாள்களை உதறிக் காயவைத்துப் போர் போட்டு வந்தோம். இப்பொழுது அறுவடை இயந்திரம் நெல்லைப் பிரித்தெடுத்து, வைக்கோலை வயலில் வரிசையாகச் சிதறிவிட்டுச் செல்கிறது. அதைச் சேர்த்துக் கட்ட ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. சொர்ணவாரி அறுவடை ஆவணி, புரட்டாசி மழையோடு போட்டியிட்டு நடைபெறுவது. இரண்டு நாள் தாமதித்தால் வைக்கோல் கறுத்து எருவாகிவிடும். பிறகு மாட்டுக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

இந்நிலையில் உதவிக்கு வருவது பேலர் எனப்படும் வைக்கோல் கட்டும் இயந்திரம். திருத்தணிப் பகுதி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வைக்கோல் என்று தமிழிலும் வரிகட்டி என்று தெலுங்கிலும் சொல்லும் வீடுகள் இங்கே அடுத்தடுத்து உள்ளன. தறியும் ஏரும் அவ்வாறே. ஆகவே, இவ்வியந்திரத்தின் உயிர்நிலை ஒரு முடிச்சில் இருக்கிறது என்றால் நம் நெசவாள அன்பர்களுக்கு எளிதில் விளங்கும்.

கயிற்றைப் பிடித்துச் சுழற்றி முடிச்சிடும் கருவியை 1870-களில் அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி என்பவர் கதிர்க்கட்டுகளுக்காகச் செம்மைப்படுத்தினார். பென்சில்வேனியா விவசாயி எட்வின் நோல்ட் 1930-களின் பிற்பகுதியில், வயலில் நகர்ந்தவாறே தானாகக் கட்டி முடிச்சிடும் இயந்திரத்தை அமைத்தார். இன்றைய சதுரக் கட்டு இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை.

பழைய இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து நேரே வயலுக்கு இழுத்துச் செல்வது பெரும் பிழை. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே அதைச் சீர்படுத்திவிட வேண்டும். அதன் முறை வருமாறு.

முதலாவது, துப்புரவு. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, டிராக்டரோடுள்ள இணைப்பை அகற்றுக. சென்ற பருவத்து வைக்கோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்றிருக்கும்; எலி கூடு கட்டியிருக்கும்; பாம்பும் தேளும் தங்கியிருக்கலாம். ஆகையால் கையை விடுமுன் கோலை விடுக.

இரண்டாவது, எண்ணெயும் கிரீஸும். பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். நிப்பிள்களைத் துடைத்து, புதிய கிரீஸ் உள்ளே செல்கிறதா எனப் பார்க்க வேண்டும். கியர் பெட்டியின் எண்ணெய், செயின்களின் தொய்வு, வைக்கோலை வாரும் பற்களில் ஒடிந்தவை ஆகியவற்றையும் கவனிக்க.

மூன்றாவது, கத்தி. அறைக்குள் முன்னும் பின்னும் ஓடி வைக்கோலை அழுத்தும் தள்ளுகட்டையில் ஒரு கத்தியும், அறையின் விளிம்பில் நிலையான மற்றொரு கத்தியும் உண்டு. நெல் வைக்கோலில் மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி. அது கத்தியை விரைவில் மழுங்கச் செய்யும். இரு கத்திகளுக்கும் இடையே குறிப்பேட்டில் கண்ட நூலிழை இடைவெளி மட்டுமே இருத்தல் வேண்டும். இடைவெளி மிகுந்தால் வைக்கோல் அறுபடாமல் கிழிபடும், டிராக்டரும் திணறும்.

நான்காவது, முடிச்சுப் பொறி. பாவு இழை அறுந்தால் நெசவாளர் செய்வது யாது? இரு முனைகளையும் பிடிக்கிறார், வளைக்கிறார், உள்ளே இழுக்கிறார், மிச்சத்தை அறுக்கிறார். இப்பொறியும் அதே நான்கு வேலைகளையே செய்கிறது. ஊசி கயிற்றைக் கொணர்கிறது, வட்டத்தட்டு பிடிக்கிறது, அலகு போன்ற கொக்கி ஒரு சுற்றுச் சுற்றி முனைகளைக் கவ்வுகிறது, கத்தி அறுக்கிறது. அலகில் துரு இருந்தால் முடிச்சு வழுக்கி வெளிவராது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குக. தட்டின் பிடி தளர்ந்தால் கயிறு நழுவும். மிக இறுகினால் கயிறு நைந்து அறும். முடிச்சு விழவில்லையெனில் எல்லாத் திருகுகளையும் ஒருசேரத் திருப்பாதீர்கள். கயிற்று முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நழுவிற்றா, நைந்ததா என்பதை முனையே சொல்லும். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் சிறிதளவு திருத்துங்கள்.

பெட்டியிலுள்ள கயிற்று உருண்டைகளில், முதலாவதன் வெளிமுனையை அடுத்ததன் உள்முனையோடு இணைக்க வேண்டும். முடிச்சு சிறியதாகவும் வால் குறுகியும் இருந்தால்தான் ஊசிக் கண்ணில் சிக்காது. இவ்வேலையை நெசவாளர் ஒருவரிடம் ஒப்படைப்பது நன்று!

ஐந்தாவது, கைச் சோதனை. பெருஞ்சக்கரத்தை அம்புக்குறி காட்டும் திசையிலேயே கையால் மெல்லச் சுழற்றுக. ஊசிகள் தள்ளுகட்டையின் பள்ளங்களின் வழியே தடையின்றி எழுந்து இறங்க வேண்டும். எங்கேனும் தட்டினால் அங்கேயே நிறுத்துக. பெருஞ்சக்கரத்திலுள்ள ஷியர் போல்ட், இடர் நேர்கையில் தான் முறிந்து இயந்திரத்தைக் காப்பது. அது அடிக்கடி முறிகிறதே என்று கடினமான வேறு போல்ட்டை மாட்டுவது, ஒரு சிறு போல்ட்டை மிச்சப்படுத்தி ஊசியையும் கியரையும் பலி கொடுப்பதாகும்.

பின்னரே டிராக்டரை இணைத்து மெதுவாக ஓட்டி, படிப்படியாக நிமிஷத்துக்கு 540 சுற்று என்ற வேகத்துக்குக் கொணர வேண்டும். அறையின் துரு தேய்ந்து வழவழப்பாகும் வரை அழுத்தத் திருகுகள் தளர்ந்தே இருக்கட்டும். முதல் சில கட்டுகள் கோணலாக வருவது இயல்பே.

நிற்க. யாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. அடைத்த வைக்கோலை, இயந்திரம் ஓடும்போதே கையால் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். வைக்கோல் உள்ளே போகும் வேகத்தில் கையும் போகும். விட்டுவிட்டு விலக அவகாசம் கிடையாது. சுழலும் தண்டில் மூடி இல்லையேல் வேட்டி நுனியும் முந்தானையும் அதில் சுற்றிக்கொள்ளும். என்ஜினை நிறுத்தி, சாவியை மடியில் செருகிக்கொண்ட பிறகே இயந்திரத்தை நெருங்குக. அறுந்த இழையை முடியலாம். அறுந்த விரலை முடிய இயலாது.

ஈர வைக்கோலைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். ஒரு பிடி எடுத்து முறுக்கினால் மொறுமொறுவென்று ஒடிய வேண்டும். கட்டுகளைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின் மேல், காற்றோட்டமாக அடுக்குக.

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஒரே தாவலில் ஏறியவர் இல்லை. ஒவ்வொரு படியாக ஏறுவோர் உச்சியை அடைகிறார்கள். இயந்திரத்தைச் சீர்படுத்துவதும் அவ்வாறே. மழை மேகம் திரண்ட பின் திருகைத் தேடுவதைவிட, வெயில் காயும் பொழுதே அதைத் திருகி வைப்பது மேல். அதனால் பயன் அடையப்போவது வாய் திறந்து கேட்க இயலாத நம் மாடுகள் அல்லவா?