கொப்பி ஓரத்துக் கோடுகள்

மனம் வேறொன்றில் இருக்கும்போது கை தன்பாட்டில் போடும் படமே கிறுக்கல். தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர், கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டவர், பாடம் கேட்கும் மாணவர், வங்கியில் இலக்கம் கூப்பிடும் வரை காத்திருப்பவர் என்று பேனையும் ஒரு துண்டுத் தாளும் கைக்கெட்டிய எவரும் இதைச் செய்கிறார்கள். இன்னதைக் கீறப்போகிறோம் என்ற திட்டம் இதில் இல்லை. முடிந்துவிட்டது என்று பேனையை வைக்கும் கட்டமும் இல்லை. ஓவியத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவை இந்த இரண்டும்தான். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேர்ந்த ஓவியரும் கிறுக்குவார். படம் கீறுவதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவரும் கிறுக்குவார்.

கிறுக்கல்களில் வரும் உருவங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. பெட்டிக்குள் பெட்டி, சுருள், அம்பு, நட்சத்திரம், கண், பூ, படிக்கட்டு. சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி கிடைத்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கட்டங்கள் கறுப்பாகும். தமிழில் எழுதுபவர்களுக்கு எழுத்துகளே இடம் கொடுக்கின்றன: ‘ஒ’வின் சுழி, ஒற்றைக்கொம்பின் தலை, ‘ணு’வின் உள்வளையம் என்று மூடிய இடங்களெல்லாம் மை நிரப்ப ஏற்றவை. நேற்றைய பத்திரிகை என்றால், முதற்பக்கத்து அரசியல்வாதிக்கு மீசையும் மூக்குக்கண்ணாடியும் முளைக்கும்.

ஒரு கிறுக்கல் எப்படி வளர்கிறது என்பதைப் பார்க்க வெள்ளவத்தையில் டியூஷனுக்குப் போகும் எந்த உயர்தர மாணவரின் கொப்பியையும் புரட்டலாம். முதலில் ஒரு புள்ளி. பேனை அதையே நாலைந்து தடவை சுற்றுகிறது. வட்டத்துக்கு இதழ் வருகிறது, இதழுக்குக் காம்பு, காம்பில் இலை, இலையில் நரம்பு. கொடி சிவப்பு ஓரக்கோட்டைத் தொட்டதும் கீழே திரும்பி, ஒவ்வொரு வரியிலும் ஓர் இலை விட்டுக்கொண்டே இறங்குகிறது. விளக்கம் நீண்ட இடத்தில் இலைகள் நெருக்கமாக இருக்கும். ‘எழுதிக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் சொன்ன இடத்தில் கொடி பாதியில் அறுந்து நிற்கும். அந்த வகுப்பு எப்படி நடந்தது என்பதை உள்ளே எழுதிய குறிப்புகளைவிட ஓரத்துக் கொடி கூடுதலாகச் சொல்லும்.

கவனக்குறைவின் அடையாளம் என்றே கிறுக்கல் நெடுங்காலம் கருதப்பட்டது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. நாற்பது பேருக்கு இரண்டரை நிமிட ஒலிப்பதிவு ஒன்று போட்டுக்காட்டப்பட்டது: ஒரு விருந்து பற்றிய, வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைத்த தொலைபேசிச் செய்தி. விருந்துக்கு வரக்கூடியவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்வதே வேலை. பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த சிறு வடிவங்களுக்கு நிழல் தீட்டினார்கள். பிறகு, நினைவைச் சோதிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லாமல், கேட்ட பெயர்களையும் இடங்களையும் திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். நிழல் தீட்டியவர்கள் சராசரியாக 7.5 விவரங்களையும் மற்றவர்கள் 5.8 விவரங்களையும் சொன்னார்கள். வித்தியாசம் 29 சதவீதம்.

ஆண்ட்ரேட் சொன்ன காரணம் எளிமையானது. சலிப்பு வந்தால் மனம் பகற்கனவுக்குப் போய்விடும். பகற்கனவு மூளையின் சக்தியில் பெரும்பங்கைக் கேட்கும். கோடு போடுவதற்கு அதில் சிறு பங்கு போதும். ஆகவே கை ஓடிக்கொண்டிருந்தால் மனம் தூரம் போகாது, காதும் திறந்திருக்கும். இந்த முடிவை ‘கிறுக்கினால் ஞாபகசக்தி கூடும்’ என்று பத்திரிகைகள் பரப்பியது சற்று அவசரம். ஆண்ட்ரேட் கொடுத்தது அச்சிட்ட வடிவங்கள். தன்னிச்சையான கிறுக்கல் அதுவன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், காதில் விழுந்த சொல்லையே படமாகக் கீறியவர்களும் அதை எழுதிக்கொண்டவர்களும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மனம்போனபடி கிறுக்கியவர்கள் பின்தங்கினார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கொடியும் பூவும் உதவாது. பாடத்தில் வரும் இதயத்தையோ மண்ணடுக்கையோ கீறிப் பார்த்தால் உதவும்.

கிறுக்கல் கலையாக வளர்ந்ததற்குத் தென்னாசியாவில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர். கவிதையைத் திருத்தும்போது அடித்த சொற்கள் தாளில் திட்டுத்திட்டாகக் கிடப்பதை அவரால் சகிக்க முடியவில்லை. அடித்தல் ஒன்றையும் இன்னொன்றையும் கோட்டால் இணைத்தார். இணைத்த கோடு பறவையின் அலகாகவும் பெயர் தெரியாத விலங்கின் முதுகாகவும் ஆனது. 1924இல் ஆர்ஜென்டினாவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, ‘பூரபி’ கவிதைத் தொகுதிக்கான கையெழுத்துப் பிரதியில் இந்த உருவங்களைக் கண்டு வியந்தவர் ஒகாம்போதான். 1930 மே மாதம் பாரிஸில் பிகால் கூடத்தில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சியை ஏற்பாடு செய்தவரும் அவரே. அப்போது தாகூருக்கு வயது 69. நாலு வருடம் கழித்து ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்ட இலங்கைக்கு வந்தவர், கவிஞர் மட்டுமல்லாமல் பேசப்படும் ஓவியராகவும் இருந்தார். வாழ்நாளில் அவர் விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

கணிதத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 1963இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் சலிப்பான ஓர் உரையைக் கேட்டுக்கொண்டு, தாளில் 1, 2, 3 என்று எண்களைச் சுருளாக எழுதினார். பகா எண்களை வட்டமிட்டபோது அவை சாய்கோடுகளில் வரிசை கட்டுவது தெரிந்தது. உலாம் சுருள் என்று அது இன்று பாடப்புத்தகங்களில் இருக்கிறது. உரையாற்றியவர் என்ன பேசினார் என்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை.

கொழும்பில் கைக்கோட்டுக்கு மரியாதை இருந்த இடம் என்றால் கொள்ளுப்பிட்டி. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு அங்கே 33ஆம் ஒழுங்கையில் 11ஆம் இலக்கம். அவரது அலுவலகமாக இருந்த அல்பிரட் ஹவுஸ் வீதிக் கட்டடத்தில் இன்று கேலரி கபே இருக்கிறது. பாவாவிடம் வேலை செய்த லக்கி சேனநாயக்க (1937–2021) ஓவியக் கல்லூரிக்குப் போனவரல்ல. கட்டட வரைபடத்தில் மரம் என்றால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். லக்கியும் பாவாவிடம் வேலை செய்த இன்னொருவரான இஸ்மத் ரஹீமும் கீறிய தாள்களில் காணியில் நிற்கும் மரம் இன்ன மரம் என்று அடையாளம் சொல்லலாம். கிளை வளைந்த பக்கம்கூடத் தெரியும். அளவுகோல் வைத்துப் போட்ட சுவர்களுக்கு நடுவே இலைகளில் மட்டும் கை தன் விருப்பத்துக்கு அலைந்திருக்கிறது. இவற்றைக் கிறுக்கல் என்பது அநியாயம்தான், ஒவ்வொன்றும் உழைப்பு. ஆனால் கிறுக்கும் கைக்கு இருக்கும் அவசரமின்மை அந்த இலைகளில் இருக்கிறது. 2022இல் பாவாவின் ஆவணக் காப்பகத்திலிருந்து தெரிந்தெடுத்த வரைபடங்கள் கொழும்பில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பலரும் குனிந்து பார்த்தது இவற்றைத்தான்.

அதே லக்கிதான் 1979ஆம் ஆண்டு நாணயத்தாள் வரிசையையும் வடிவமைத்தார். பறவையும் வண்ணத்துப்பூச்சியும் மீனுமாக அவர் கைக்கோடு நாட்டில் எல்லோருடைய சட்டைப் பையிலும் கிடந்தது. காலி வீதியில் சற்றுத் தள்ளி இருக்கும் பெயாஃபுட் கைநெசவு நிறுவனத்தை 1964இல் தொடங்கிய பார்பரா சன்சோனி (1928–2022) நெசவுக்கு வண்ணக் கோடுகள் அமைத்தவர். பழைய விகாரைகளையும் வீட்டு விறாந்தைகளையும் ஊர் ஊராகப் போய்க் கீறிச் சேர்த்தவரும் அவர்தான்.

அன்றாடக் கோட்டுக்குத் தமிழ் வீடுகளில் இன்னொரு வாசல் உண்டு. தைப்பொங்கலன்று கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மாடி வீடுகளின் கதவுக்கு வெளியே உள்ள இத்துணூண்டு நடையில்கூட மாக்கோலம் விழும். ஒட்டுக் கோலம் கடையில் வாங்கலாம், அது வழுக்காது, அழியாது. கை போட்ட கோலத்தின் நடுக்கம் மட்டும் அதில் வராது. சிக்குக் கோலத்தில் புள்ளிகளை நேர்ப்புள்ளியாகவோ இடைப்புள்ளியாகவோ வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் கம்பி ஒவ்வொன்றையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேரவேண்டும். இந்த ஒழுங்கைப் பார்த்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலங்களைக் கணினி மொழியின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். விதி இருப்பதால் கோலம் கிறுக்கலாகாது. ஆனால் தரைக்கு வருமுன் அது பழகப்படுவது கொப்பியின் கடைசிப் பக்கத்தில். அங்கே புள்ளி தவறும், கம்பி வழி மாறும், தவறிய கம்பியிலிருந்து புதுக் கோலம் பிறக்கும்.

கிறுக்கலை முறைப்படுத்திக் கற்பிக்கும் முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் இருவரும் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சென்டாங்கிள்’ முறையில் தாள் மூன்றரை அங்குலச் சதுரம். நாலு மூலையில் புள்ளி, அவற்றை இணைக்கும் கோடு, உள்ளே இடத்தைப் பிரிக்கும் ஒரு வளைகோடு, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடுதல், கடைசியில் பென்சில் நிழல். அழிப்பான் கிடையாது. மனம் அமைதிப்படுகிறது என்று செய்பவர்கள் சொல்கிறார்கள்; பயிற்சிக்கு நல்ல முறைதான். என்றாலும் நேரம் ஒதுக்கி, தாள் வாங்கி, வரிசைப்படி செய்யும்போது அது கைவேலை வகுப்பாகிவிடுகிறது. கிறுக்கலுக்குப் பால் பில்லின் பின்பக்கம் போதும்.

கிறுக்கலைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்கிறோம் என்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பெட்டி கீறினால் ஒழுங்கானவர், அம்பு கீறினால் ஆசைக்காரர் என்பதுபோன்ற பலன்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2005 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மாநாட்டு மேசையில் கிடந்த கிறுக்கல் தாளொன்று பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேயருடையது என்று நம்பப்பட்டது. லண்டன் பத்திரிகைகள் கையெழுத்து நிபுணர்களைக் கூப்பிட்டன. கவனம் சிதறியவர், நெருக்கடியில் தவிப்பவர், பிறவித் தலைவரல்லர் என்று அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். சில நாளில் பிரதமர் அலுவலகம் உண்மையைச் சொன்னது: அந்தத் தாளில் கிறுக்கியவர், அதே மேசையில் அமர்ந்திருந்த பில் கேட்ஸ்.